கடைசி வரைக்கும் கேளு

எதைக் கேட்கலாம், எதைப் படிக்கலாம், எந்தப் படத்துக்குப் போகலாம் என்று எங்கள் தறி ஷெட்டில் எல்லோரும் என்னிடம்தான் வருவார்கள். அரசியல் என்றாலும் நான்தான், சினிமா என்றாலும் நான்தான். எனக்குக் காது கேட்காது. அது அவர்களுக்குத் தெரியாது.

ஆறாவது வரைக்கும் படித்தேன். சேத்துப்பட்டுப் பக்கம் ஒரு ஊர். நிலம் கிடையாது. ஆரணிக்கு வந்து விசைத்தறியில் சேர்ந்தேன். இரண்டு தறி பார்த்தேன். ஷெட்டில் எல்லாத் தறியும் ஒன்றாக ஓடினால் பேச்சு எடுபடாது. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வோம். டீ என்றால் கட்டை விரலைக் காட்டுவோம். மேஸ்திரி வருகிறார் என்றால் மீசையைத் தடவுவோம். தறி ஓடும்வரை அங்கே எல்லோரும் செவிடுதான். அதனால் என் செவிடு தனியாகத் தெரியவில்லை.

முதலில் சின்னச் சத்தங்கள் போயின. குக்கர் விசில் போயிற்று. செல்போன் மணி போயிற்று. பிறகு பொம்பளைக் குரல். ஆம்பளைக் குரல் கொஞ்ச காலம் இருந்தது. அதுவும் குடத்துக்குள் யாரோ பேசுகிற மாதிரி ஆகிவிட்டது. சத்தம் வரும், வார்த்தை வராது. போன சத்தத்துக்கெல்லாம் பதிலாகக் காதுக்குள் ஒரு தறி ஓட ஆரம்பித்தது. ஷெட்டுக்கு லீவு விட்டாலும் அதற்கு லீவு இல்லை.

பெரியாஸ்பத்திரியில் டாக்டர் பார்த்தார். சத்தமான வேலைக்குப் போகக் கூடாது என்றார். என் மனைவி என் முகத்துக்கு நேராக வந்து நின்று அதைத் திருப்பிச் சொன்னாள். சரி என்றேன். மறுநாள் ஷெட்டுக்குப் போனேன். வேறு எங்கே போவது.

தறிக்காரனுக்குக் காது வேண்டும். இழை அறுந்தால் சத்தம் மாறும். நூலை இழுத்துக்கொண்டு குறுக்கே பறக்கிற நாடாக்கட்டை சரியாகப் போகவில்லை என்றால் சத்தம் மாறும். கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் காதுக்குத் தெரியும். நான் முழங்காலைத் தறியின் சட்டத்தில் ஒட்டி வைத்துக்கொள்வேன். இன்னொரு தறிக்குக் கையை வைத்துக்கொள்வேன். அதிர்வு மாறினால் நிறுத்துவேன். அப்படியே ஓட்டினேன். துணி கெட்டதில்லை.

மறைத்ததற்குக் காரணம் உண்டு. எனக்கு முன்னால் ஒரு பெரியவர் அங்கே செவிடானார். அவரை உடனே அனுப்பவில்லை. கொஞ்ச நாள் வைத்து விளையாடினார்கள். சாப்பாட்டு நேரத்தில் மேஸ்திரி சிரித்த முகத்தோடு அவர் எதிரே போய் உட்காருவார்.

"இன்னா பெர்சு, உம் பொண்டாட்டி ஓடிப்போயிட்டாளாமே?"

"ஆச்சுங்க. இப்பதான்."

"யாரு கூட?"

"கொழம்புதாங்க. நேத்து வெச்சது."

ஷெட்டே உருண்டு சிரிக்கும். அவரும் கூடச் சிரிப்பார். நல்ல வார்த்தை ஏதோ சொன்னார்கள் என்று நினைத்துக்கொள்வார். நானும் சிரித்தேன். பிறகு கழிவு நூல் கூட்டுகிற வேலைக்கு அவரை மாற்றினார்கள். ஒரு நாள் அவர் வரவில்லை. யாரும் கேட்கவில்லை.

எனக்குப் பயம் கரண்ட் போகும்போதுதான். கரண்ட் போனால் தறி நிற்கும். தறி நின்றால் எல்லோருக்கும் காது வந்துவிடும், எனக்கு மட்டும் வராது. பின்னாலிருந்து கூப்பிடுவார்கள். நான் திரும்ப மாட்டேன். இரண்டு தடவை அப்படி ஆயிற்று.

அப்போதுதான் இயர்போன் வாங்கினேன். ஷெட்டில் பாதிப் பேர் காதில் ஒயர் தொங்கும். சட்டைப் பையில் போன், காதில் ஒயர். என் காதிலும் மாட்டிக்கொண்டேன். கூப்பிட்டுத் திரும்பாவிட்டால் ஏதோ கேட்டுக்கொண்டிருக்கிறான் என்று விட்டுவிடுவார்கள். ஒயரை மாட்டியவனை யாரும் செவிடன் என்று நினைப்பதில்லை.

பக்கத்துத் தறிக்காரன் ஒருவன் இருந்தான். என்னைவிட இளையவன். கல்யாணம் ஆகி ஒரு பிள்ளை. ஊருக்குள்ளேயே தறிக்காரர் தெருவில் வீடு. என்னை அண்ணா என்பான். ஒரு நாள் தோளைத் தட்டினான்.

"அப்டி இன்னாண்ணா கேட்டுகினே கீற?"

வாயில் வந்ததைச் சொன்னேன். "அரசியல்."

"யாரு பேச்சு? நல்லா கீதா?"

"நல்லா கீது."

"எனக்கு அனுப்பு."

அங்கே ஆரம்பித்தது.

சொல்லிவிட்டால் தெரிந்துகொள்ளத்தானே வேண்டும். லீவு நாளில் கிளை நூலகத்துக்குப் போனேன். விரலை வைத்துத்தான் படிப்பேன். ஒரு பக்கம் படிக்க மற்றவர்களுக்கு ஆகிற நேரத்தைப்போல மூன்று மடங்கு ஆகும். கூலிக்காரர்கள் பற்றி, நிலம் பற்றி, ஊருக்குள் யார் எந்தக் கிணற்றில் இறங்கலாம் என்பது பற்றி எல்லாம் புத்தகம் இருந்தது. அதுவரை எனக்குத் தெரியாது. இதையெல்லாம் எழுதுவார்கள் என்றே தெரியாது.

படித்ததில் ஒன்று கண்டுகொண்டேன். மக்கள் துன்பப்பட்டார்கள் என்று எழுதியிருந்தால் அந்தப் புத்தகத்தை மூடிவிடலாம். என்ன தின்னக் கொடுத்தார்கள், எதில் ஊற்றினார்கள், எங்கே உட்காரச் சொன்னார்கள் என்று எழுதியிருந்தால் படிக்கலாம். எழுதியவன் அங்கே இருந்திருக்கிறான் என்று அர்த்தம். யாராவது கேட்டால் இப்போதும் இதைத்தான் சொல்வேன்.

படித்த விஷயத்தில் யார் பேசியிருக்கிறார்கள் என்று போனில் தேடுவேன். படத்துக்குக் கீழே எழுத்து ஓடும். பாதி தப்பாக ஓடும். அதைப் பார்த்து, தலைப்பைப் பார்த்து, இதைக் கேளுங்கள் என்று ஷெட் குரூப்பில் போடுவேன். சில தடவை மாட்டிக்கொண்டேன். கிணறு பற்றிய பேச்சு என்று போட்டதில் அந்த ஆள் அரைமணி நேரம் எதிர்க்கட்சிக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தானாம்.

"இன்னாண்ணா, கெணறுன்ன. கெணத்தயே காணோம்? நீ அந்தாளு கட்சியா?"

"கடைசி வரைக்கும் கேளு," என்றேன்.

அதற்குப் பிறகு எது கேட்டாலும் அதுதான் என் பதில். கடைசி வரைக்கும் யாரும் கேட்பதில்லை. அதனால் தப்பித்தேன். போகப்போக அது எனக்குப் பட்டப்பெயரே ஆகிவிட்டது. நான் ஷெட்டுக்குள் நுழைந்தால் "கடைசி வரைக்கும் வந்துட்டாருப்பா" என்பார்களாம். மனைவி யாரிடமோ கேட்டு வந்து சொன்னாள்.

சினிமாவும் அப்படித்தான். ஒரு படம் வந்தது. ஏழை ஆளைப் பிடித்துப் போய் அடிக்கிற படம். ஷெட்டில் எல்லோரும் சேர்ந்து போனோம். என் வரிசையில் அழாத ஆள் நான் ஒருவன்தான். மேஸ்திரிகூடத் துண்டால் கண்ணைத் துடைத்தார். பெரியவரின் பொண்டாட்டி எவனோடு ஓடினாள் என்று கேட்ட அதே மேஸ்திரிதான்.

மறுநாள் டீக்கடையில் எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள்.

"சொல்லுண்ணா. எப்டி படம்?"

"அடிக்கிறவன் ஒக்காரவே இல்ல," என்றேன்.

"அப்டின்னா?"

"நெசமா அடிச்சா கை வலிக்கும். நடுவுல ஒக்காந்துக்குவான். தண்ணி கேப்பான். குடிச்சிட்டு மறுபடி எழுந்து அடிப்பான்."

என் அப்பாவை ஊரில் அப்படித்தான் அடித்தார்கள். அடித்தவருக்கு என் அம்மாதான் தண்ணீர் கொண்டுவர வேண்டியிருந்தது. அவர் எங்கள் சொம்பில் குடிக்க மாட்டார். அவர் வீட்டுக்கு ஓடி, வாசலில் நின்று கேட்டு வாங்கி வந்தாள். அவள் வரும் வரைக்கும் அப்பா கட்டுண்டபடியே நின்றார். இதை நான் டீக்கடையில் சொல்லவில்லை.

தியேட்டரில் மற்றவர்களை அழவைத்தது பாட்டும் மேளமும் என்று நினைக்கிறேன். எனக்கு அது வராது. சத்தம் இல்லாமல் பார்த்தால் அடி வெறும் அடியாகத்தான் தெரியும். படம் பார்க்க வேண்டுமென்றால் ஒரு தடவை சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். அப்போதும் அழுகை வந்தால் நல்ல படம்.

"எப்டி பாக்குறாரு பாருய்யா," என்றான் பக்கத்துத் தறிக்காரன். எனக்கு மதிப்பு ஏறியது.

ஷெட்டில் அவன் ஒருவன்தான் நான் சொன்னதை உண்மையாகக் கேட்டவன். மற்றவர்களுக்குப் பொழுதுபோக்கு. அவனுக்கு அப்படி இல்லை. சாதிச் சங்கத்துக்குப் போவதை விட்டான். அவன் மாமனார் அங்கே பெரிய ஆள். வீட்டில் சண்டை வந்தது. மாமனார் வீட்டுப் படி ஏறுவதில்லை என்றான். அவன் பெண்டாட்டி தன் அப்பாவைப் பார்க்கத் தனியாகப் போய்வந்தாள். இதெல்லாம் நான் போட்ட பேச்சுகளால் வந்தது. அதில் ஒன்றைக்கூட நான் கேட்டதில்லை.

ஆலைத் தொழிலாளிகள் உடம்பு பற்றி நூலகத்தில் ஒரு மெல்லிய புத்தகம் படித்தேன். பஞ்சு நெஞ்சுக்குள் போய் இருமி இருமிச் செத்தவர்கள் கதை. அதே விஷயத்தில் ஒரு பேச்சு கிடைத்தது. நீளமான பேச்சு. எழுத்து ஓடியதில் நெஞ்சு, இருமல் என்று கண்ணில் பட்டது. இதைப் பற்றி ஒரு மெல்லிய புத்தகமும் படித்தேன் என்று எழுதி, சரி என்று போட்டேன்.

இரண்டு நாள் கழித்து அவன் டீக்கடைக்கு வெளியே என்னைப் பிடித்தான். என் முகத்துக்கு நேராக நின்றுதான் பேசுவான். அது அவன் பழக்கம். மீசையும் இல்லை. அவன் சொல்வது முழுக்கப் புரியும்.

"ண்ணா, அந்தப் பேச்சு கேட்டேன். நீ சொன்ன மாதிரி கடைசி வரைக்கும்."

"ம்."

"கடைசியில காது பத்தி சொல்றாரே. மெஷின் சத்தத்துல காது போயிடுமாமே. எல்லாருக்கும் டெஸ்ட் எடுக்கணும்னு மொதலாளியைக் கேக்கறது நம்ம உரிமைன்றாரு."

நான் டீயைக் குடித்தேன்.

"கேட்டிருப்பியே நீ?"

"கேட்டேன்."

"அப்ப ஏன் சும்மா கீற? வா, எல்லாரும் போயி கேப்போம்."

"இப்ப வாணாம்பா."

"ஏன் வாணாம்?"

"வாணாம். பேஜாராயிடும்."

அவன் என்னையே பார்த்தான். "ஒனக்கே பயமாண்ணா? ஊருக்கெல்லாம் பேச்சு அனுப்புற. நீயே பயந்தா நாங்க இன்னா பண்றது?"

கேட்காதே என்று சொல்ல வேண்டுமானால் ஏன் என்று சொல்ல வேண்டும். ஏன் என்று சொன்னால் வேலை போய்விடும். சும்மா இருந்தால் அவன் போய்க் கேட்பான். அப்போதும் போய்விடும். சும்மா இருந்தேன்.

அவன் எல்லோரையும் சேர்த்துக்கொண்டு முதலாளி வீட்டுக்குப் போனான். என்னை முன்னால் நிறுத்தினான். மூத்தவன் நான்தான், எல்லாம் சொல்லிக்கொடுத்தவன் நான்தான் என்றான். முதலாளி சண்டை போடுவார் என்று எதிர்பார்த்து வந்திருந்தார்கள். முதலாளி சிரித்தார்.

"நியாயமான கோரிக்கைதான். பண்ணிடலாமே."

செலவில்லாத வழி அவருக்குத் தெரிந்திருந்தது. காதுக்கு வைக்கிற மெஷின் விற்கிற கடைக்காரனைக் கூப்பிட்டுவிட்டார். இலவச முகாம். முதலாளி வீட்டு முன்னறையில் மேஜை போட்டார்கள். ஷெட்டில் தறியை நிறுத்தினார்கள். அன்றைக்கு எல்லோரும் வெள்ளைச் சட்டை போட்டு வந்தார்கள். போட்டோ எடுத்தார்கள். நான் நடுவில் நின்றேன். பக்கத்துத் தறிக்காரன் என் தோளில் கை போட்டிருந்தான். நம் ஷெட்டுக்குக் கிடைத்த முதல் வெற்றி என்று எழுதி அந்தப் போட்டோவை குரூப்பில் போட்டான்.

என் முறை வந்தது. கடைக்காரன் கழுத்தில் டை கட்டியிருந்தான். பெரிய ஹெட்போனை என் தலையில் மாட்டினான். சத்தம் வந்தால் கையைத் தூக்கச் சொன்னான். அவன் விரல் பட்டனை அழுத்துவது எனக்குத் தெரிந்தது. பக்கத்தில் சின்ன விளக்கும் எரிந்தது. விரல் அழுத்தும்போதெல்லாம் கையைத் தூக்கினேன். கொஞ்ச நேரம் நன்றாகப் போயிற்று. அவன் காகிதத்தைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். மெஷினைத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டான்.

அப்புறம் குத்துமதிப்பாகத் தூக்கினேன். அவன் மெஷினைத் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டான். அப்போதும் ஒரு தடவை தூக்கினேன்.

மேஸ்திரியைக் கூப்பிட்டு என்னமோ சொன்னான். மேஸ்திரி என் எதிரே வந்து உட்கார்ந்தார். சிரித்தார். அவர் வாயில் எப்போதும் பாக்கு இருக்கும். உதடு புரியாது. என்னமோ கேட்டார். தலையை ஆட்டினேன். சுற்றி நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். இன்னொன்று கேட்டார். ஆட்டக் கூடாது என்று நினைத்தேன். தலை ஆடிவிட்டது. எதற்குத் தலை ஆட்டினேன் என்று இன்றுவரை தெரியாது. யாரிடமும் கேட்கவில்லை.

மற்றவர்களிலும் பாதிப் பேருக்குக் காது குறைவுதான். அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. மெஷின் வாங்கி வைத்தால் எனக்குக் கொஞ்சம் கேட்கலாம் என்றான் கடைக்காரன். முதலாளி வேறு பக்கம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

"உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். நாடா பறந்து வந்து அடிச்சா? யாரு பதில் சொல்றது? டெஸ்ட் வேணும்னு நீங்கதானே கேட்டீங்க?"

நாளையிலிருந்து வர வேண்டாம் என்பதை அவர் வாயால் சொல்லவில்லை. கையால் காட்டினார்.

துணிப்பையை எடுக்க ஷெட்டுக்குப் போனேன். பின்னாலேயே எல்லோரும் வந்தார்கள். ஒருவன் என் கழுத்தில் தொங்கிய ஒயரைப் பிடித்து இழுத்தான். சட்டைப் பையிலிருந்து அதன் நுனி வெளியே வந்தது. நுனியில் போன் இல்லை. கொஞ்ச காலமாக நான் போனை மாட்டுவதே இல்லை. சார்ஜ் வீண்தானே.

அதைப் பார்த்ததும் குஷியாகிவிட்டார்கள். ஒயரை ஆளாளுக்கு வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார்கள். தலையை ஆட்டினார்கள். ஆகா என்றார்கள். ஒருவன் கண்ணைத் துடைக்கிற மாதிரி செய்தான். "கடைசி வரைக்கும் கேளு" என்று ஒவ்வொருவனும் அடுத்தவனுக்குச் சொல்லிக் கொடுத்தான். அந்த மூன்று வார்த்தையை எந்த உதட்டில் பார்த்தாலும் எனக்குப் புரியும் அல்லவா. புரிந்தது.

பக்கத்துத் தறிக்காரன் மட்டும் சிரிக்கவில்லை. என் முன்னால் வந்து நின்றான்.

"எதயுமே கேக்கலியா நீ?"

"படிச்சேன்."

"நான் அத கேக்கல. எனக்கு அனுப்புனியே, அதெல்லாம் கேட்டியா இல்லியா?"

"இல்ல."

"ஒன் பேச்ச நம்பி எங்க மாமனார் மூஞ்சியில முழிக்காம கீறேன். எம் பொண்டாட்டி அழுதுகினு கீறா. நீ இன்னா பேச்சுன்னே தெரியாம அனுப்பிகினு இருந்திருக்க."

"படிச்சதுதாம்பா அதுல இருந்துது."

"செவுட்டுப் பயலுக்கு இன்னா தெரியும், எதுல இன்னா இருந்துதுன்னு," என்றான்.

அவன் தன் பழக்கப்படி நேராக நின்றுதான் அதையும் சொன்னான். ஒரு எழுத்து தவறாமல் புரிந்தது. வேலை போனது பற்றி அவன் ஒன்றும் கேட்கவில்லை. ஏமாந்தது அவனுக்குப் பெரிதாக இருந்தது. அவன் பக்கமும் நியாயம் உண்டு.

என் மனைவி களம்பூரில் அரிசி மில்லில் வேலை செய்கிறாள். அங்கே சொல்லி என்னைச் சேர்த்தாள். களத்தில் நெல் காயப் போட்டுக் காலால் கிளற வேண்டும். காது தேவையில்லாத வேலை. லாரி பின்னால் வருவது மட்டும்தான் சிக்கல். டிரைவர்களுக்கு அடையாளம் தெரிய என் தலையில் ஒரு சிவப்புத் துண்டைக் கட்டிவிட்டாள். அடையாளம் தெரிந்ததும் அவர்களுக்கு விளையாட்டாகப் போயிற்று. வேண்டுமென்றே என் முதுகுக்கு அருகில் வரை கொண்டுவந்து நிறுத்துவார்கள். முதுகில் தொங்கும் துண்டு நுனியில் பம்பர் பட்டால் ஜெயித்த மாதிரி. அவள் ஒரு நாள் கையில் கல்லை எடுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு ஒருவன் மட்டும் அந்த விளையாட்டை நிறுத்திக்கொண்டான்.

நூலகத்துக்கு இன்னும் போகிறேன். குரூப்பிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். இப்போது அங்கே பக்கத்துத் தறிக்காரன்தான் எதைக் கேட்கலாம் என்று போடுகிறானாம்.

போன வாரம் அவனிடமிருந்து எனக்குத் தனியாக ஒன்று வந்தது. எழுத்து இல்லை. குரல். நீளமாக இருந்தது. மதியச் சாப்பாட்டின்போது மனைவியிடம் போனைக் கொடுத்தேன். அவள் காதில் வைத்து முழுக்கக் கேட்டாள். முகம் மாறவில்லை. போனைக் கீழே வைத்துவிட்டு என் எதிரே நகர்ந்து உட்கார்ந்தாள். எதையும் விடாமல் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

"அண்ணான்னு கூப்பிட்டுத்தான் ஆரம்பிக்கறான். பக்கத்து ஷெட்டுலயும் காது டெஸ்ட்டு வேணும்னு கேக்கப் போறாங்களாம். அவன்தான் கூட்டிகினு போறானாம். டெஸ்ட் எடுத்ததாலதான் உனக்கு வேலை போச்சுன்னு யார்கிட்டயும் சொல்லாதன்றான். சொன்னா பயந்து ஒருத்தனும் வர மாட்டானாம். போராட்டத்துக்குக் கெட்ட பேராம். நீயே வேலைய விட்டுட்டு நின்னுட்டன்னு சொல்லணுமாம். அந்த மெல்லிசு புஸ்தகம் பேரு இன்னான்னு கேக்கறான்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"காது பத்தி ஏதாவது கேட்டானா? எப்டி கீதுன்னு?"

"இல்ல," என்றாள். சாதத்தைப் பிசைந்தாள்.

சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன். எழுதி அனுப்பு, எனக்குக் கேட்காது என்று அனுப்பினேன். உடனே பதில் வந்தது. அதுவும் குரல்தான்.